பொறுத்திருப்பவருக்கே மகிழ்ச்சியா? மிட்டாய்ச் சோதனையும் கைப்பேசியும்: ஒரு விவாதம்

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

பள்ளி ஆண்டு விழாக்களிலும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் மேடைகளிலும் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான்கு வயதுக் குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லி ஆய்வாளர் வெளியே போய்விடுவார். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்து உயர்ந்தார்கள், எடுத்துத் தின்ற பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்று கதை முடியும். இப்போது அந்தக் கதையோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. திரையை ஒதுக்கி இன்பத்தைத் தள்ளிப்போடுகிறவனுக்கே நிலைத்த மகிழ்ச்சி, அதற்கு வேண்டியது மனவலிமை என்று பேச்சு நிறைவுபெறும். கைதட்டிய கைகள் அடுத்த நிமிடமே சட்டைப்பையைத் துழாவும்.

அந்தச் சோதனையைச் செய்தவர் வால்டர் மிஷெல். 1930-இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பியவர். 1960-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் அவர் இந்த ஆய்வுகளைத் தொடங்கினார். எந்தக் குழந்தை பெரிய ஆளாக வரும் என்று ஜோசியம் பார்ப்பது அவர் நோக்கமன்று. காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் குழந்தையின் மனம் என்ன செய்கிறது என்பதே அவருடைய கேள்வி. 1970-களின் தொடக்கத்தில் வந்த கட்டுரைகளைப் படித்தால் மேடைக் கதைக்கு நேர்மாறான ஒன்று தெரியும். தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் விரைவில் தோற்றார்கள்; அதையே மூடி மறைத்தபோது அதே வயதுப் பிள்ளைகள் பல நிமிடங்கள் தாங்கினார்கள். விளையாட ஒரு பொருள் கொடுத்தாலோ, வேடிக்கையான எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னாலோ இன்னும் நீண்ட நேரம் பொறுத்தார்கள். வென்ற பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயை முறைத்தவர்கள் அல்லர். கண்ணைப் பொத்திக்கொண்டவர்கள், திரும்பி உட்கார்ந்தவர்கள், தாமாகவே ஏதோ பாட்டு இட்டுக்கட்டிப் பாடியவர்கள்.

அப்படியானால், அந்தக் குழந்தைகள் கவனத்தைத் திருப்பித்தான் காத்திருந்தார்கள். நாமும் கைப்பேசியில் கவனத்தைத் திருப்பிக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறோம். அவர்களுக்குத் துணையாக இருந்தது நமக்கு மட்டும் ஏன் பகையாகிறது? இன்பத்தைத் தள்ளிப்போட்டவர்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? அறிவுரை சொல்பவர்களைவிட, சொந்த வாழ்வில் எதையாவது தள்ளிப்போட்டுப் பார்த்தவர்கள் எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

நிரலாளன்

முதல் கேள்விக்கு என் தொழில் சார்ந்த பதில் ஒன்று உண்டு. சில ஆண்டுகள் கைப்பேசிச் செயலிகள் உருவாக்கும் குழுவில் இருந்தேன்.

குழந்தை பாடிய பாட்டு அதுவே உண்டாக்கியது. அது நின்றுவிடும், குழந்தையின் மனம் மீண்டும் தன் எண்ணத்துக்குத் திரும்பிவிடும். திரையில் வருவதோ பிறர் உண்டாக்கியது. அது நிற்கக்கூடாது என்பதுதான் அதன் வடிவமைப்பே. முன்பெல்லாம் ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்துக்குப் போவதற்கான பொத்தான் இருக்கும். அதை அழுத்தும் கணத்தில் "போதுமா" என்று மனம் ஒரு முறை கேட்டுக்கொள்ளும். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த அடிப்பக்கத்தையே இல்லாமல் செய்யும் முறையை உருவாக்கினார். விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டுகொண்டே போகும். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட சில வாரங்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் வந்தன. அவற்றின் மூலக் கட்டுமானமும் அதே முடிவில்லாத சுருள்தான்.

இன்னொன்று. "டோபமைன் என்பது இன்ப ரசாயனம், திரை அதைச் சுரக்க வைக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பாதிதான் சரி. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களை அளந்து பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, சாற்றுக்கல்ல, விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கின. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். டோபமைன் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவேயில்லை. ஆனால் வாயில் இனிப்பை வைத்தால் அதே சுவைப்பு அவற்றின் முகத்தில் தெரிந்தது. வேட்கை வேறு, சுவைத்து மகிழ்தல் வேறு என்பது அங்கே தெளிவாயிற்று.

இதனால் எனக்குத் தோன்றுவது: நாம் பெரிய இன்பத்தை விட்டுவிட்டுச் சிறிய இன்பத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்வது திரைக்குப் பொருந்தவில்லை. ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்து முடித்தவரிடம் எது பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுகூட நினைவிருக்காது. மிட்டாயைத் தின்ற குழந்தைக்கு ஒரு மிட்டாயாவது மிஞ்சியது. நமக்கு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது.

நடுநிசி

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஈர்ப்பு குறையும் என்றார்கள். மாற்றினேன். சில நாட்களில் கறுப்பு வெள்ளையிலேயே நள்ளிரவுவரை பார்க்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் அனுபவம் இதைவிட மேலானதாக இருக்கட்டும்.

அடுப்பங்கரைவாசி

இந்த இழையின் அடிப்படையையே நான் கேள்வி கேட்கிறேன். "தள்ளிப்போடு, பிறகு இரட்டிப்பாகக் கிடைக்கும்" என்பதை இந்த நாட்டில் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வீடுகளில் பெண்கள் பசியைத் தள்ளிப்போட்டார்கள், படிப்பைத் தள்ளிப்போட்டார்கள், மருத்துவரைப் பார்ப்பதைக்கூடப் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டாவது மிட்டாய் எந்தத் தட்டில் வந்தது? வேறு யாராவது அதைத் தின்றுகொண்டிருந்தார்கள், நாங்கள் அதைப் பார்த்து மகிழ வேண்டும் என்றார்கள்.

பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் ஒரு வருடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொள் என்றோம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு நீட், அதில் ஒரு வருடம் கூடுதலாக, பிறகு வளாக நேர்காணல், பிறகு வீட்டுக் கடன். ஒவ்வொரு வாசலிலும் அதே வாக்குறுதி. அடுத்த வாசல் இருப்பதை மட்டும் முன்கூட்டியே சொல்வதில்லை.

இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து நான் கைப்பேசியோடு உட்காரும் அரை மணி நேரம்தான் நாள் முழுவதிலும் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம். அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை என்று நிரலாளன் சொல்வது உண்மைதான். ஆனால் அதையும் தள்ளிப்போடச் சொன்னால், எதற்காக என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

கரும்பலகை

அம்மா, நீங்கள் எழுதியதற்கு ஆய்வுலகத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என்னுடைய வகுப்பைப் பற்றியும் பிறகு சொல்கிறேன்.

மிஷெல் ஸ்டான்ஃபோர்டுக்கு வருவதற்கு முன்பே, 1950-களில், டிரினிடாட் தீவில் பிள்ளைகளிடம் இன்றைக்குச் சிறிய மிட்டாயா, பிறகு பெரிய மிட்டாயா என்று கேட்டுப் பார்த்தவர். வீட்டில் தந்தை இல்லாத பிள்ளைகள் உடனே கிடைக்கும் சிறியதையே அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையும் இதில் ஒரு பங்கு என்பது அன்றே புலப்பட்டது. ஆனால் அது மேடைக் கதையில் இடம்பெறவில்லை.

2013-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை வைத்து ஒன்றைச் செய்தார்கள். முதலில் படம் வரையப் பழைய வண்ணக்குச்சிகளைக் கொடுத்து, சற்றுப் பொறுத்தால் நல்ல பெட்டி கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறுபாதிக்கு "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார்கள். ஒட்டுப்படத்திலும் அப்படியே செய்தார்கள். அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். இடையில் ஒரு குழந்தையின் மனவலிமையும் மாறிவிடவில்லை. எதிரில் இருந்த பெரியவரைப் பற்றிய கணக்குதான் மாறியது.

2018-இல் டைலர் வாட்ஸ் குழுவினர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை எடுத்து, பொறுத்த பிள்ளைகள் பின்னால் நன்றாகப் படித்தார்கள் என்ற மிஷெல் குழுவினரின் பழைய முடிவு நிற்கிறதா என்று பார்த்தார்கள். காத்திருந்த நேரத்துக்கும் பதினைந்து வயதில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் பழைய ஆய்வு சொன்ன அளவில் ஏறக்குறையப் பாதிதான். குடும்ப வருமானம், தாயின் கல்வி, வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோயிற்று.

இனி என் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கதைப்புத்தகம் வாசிப்போம் என்று ஆறாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். தேர்வு நெருங்கும்போது அந்த வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை, இதில் சக ஆசிரியர்களோடு மனத்தாங்கல்கூட உண்டு. அது ஒழுங்காக நடக்கும் வரையில் வார நடுவிலேயே பிள்ளைகள் "வெள்ளிக்கிழமை எந்தக் கதை, டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கேட்பதிலேயே அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி இருப்பதைப் பார்க்கிறேன். வரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எதிர்பார்ப்பது துன்பமன்று.

தோப்புக்காரன்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருக்கிறேன். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். குட்டை ரகம் மூன்று, நான்கு ஆண்டுகளில் பாளை விடும். பட்டணத்து நண்பர்கள் "ஏழு வருடம் எப்படி அண்ணா பொறுக்கிறீர்கள்?" என்று வியப்பதுண்டு. தென்னைக்காக யாரும் ஏழு வருடம் கைகட்டிக் காத்திருப்பதில்லை. இருபத்தைந்து அடி இடைவெளியில் கன்று வைத்தால் நடுவில் வெயில் தாராளமாக விழும். முதல் ஆண்டுகளில் நிலக்கடலையும் உளுந்தும் போடலாம், வாழை வைக்கலாம். மரம் உயர்ந்து நிழல் விழுந்த பிறகு கோகோ வைக்கிறோம். ஒவ்வொரு பருவத்திலும் கையில் ஒரு வேலை, அதற்கொரு சிறு வரவு. ஊடுபயிர் இல்லாமல் வெறும் தென்னையை மட்டும் பார்த்துக்கொண்டிரு என்றால் நானும் அந்தக் குழந்தையைப் போல மூன்றாவது நிமிடத்தில் எழுந்துபோயிருப்பேன்.

அடுப்பங்கரை அக்கா சொன்னதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. தள்ளிப்போட்டதெல்லாம் கிடைத்துவிடுவதில்லை. 2016-இல் சுருள் வெள்ளை ஈ முதலில் எங்கள் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. இப்போது கேரள வாடல் நோய். மருந்து கிடையாது, காய்த்துக்கொண்டிருந்த மரங்களையே வெட்டிச் சாய்க்கிறோம். மகிழ்ச்சி முழுவதையும் காய்ப்பில் கொண்டுபோய் வைத்தவர்களால் அதைத் தாங்க முடியவில்லை. காலையில் தோப்புக்குப் போவதே பிடித்திருந்தவர்கள் எப்படியோ மறுநடவு செய்கிறார்கள்.

கைப்பேசியை நான் பழிக்க மாட்டேன். சந்தை விலையும் நோய் அடையாளமும் அதில்தான் பார்க்கிறேன். ஒரு கேள்வியோடு எடுத்தால் பதில் கிடைத்ததும் வைத்துவிட முடிகிறது. கேள்வியில்லாமல் எடுத்த நாளில்தான் மோட்டார் நிறுத்த மறந்து வரப்பு உடைகிறது.

வைகைக்கரையான்

கரும்பலகை சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு ஆய்வுகள் உள்ளன. ஜெர்மானிய ஆய்வாளர் பெட்டினா லாம் குழுவினர் கேமரூனில் உழவுத்தொழில் செய்யும் ந்சோ மக்களின் நான்கு வயதுப் பிள்ளைகளையும் ஜெர்மனியின் நடுத்தர வகுப்புப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ந்சோ பிள்ளைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இறுதிவரை பொறுத்தார்கள். ஜெர்மானியப் பிள்ளைகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. 2022-இல் ஜப்பானியப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. தின்பண்டத்துக்கு ஜப்பானியப் பிள்ளைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள். சுற்றிக் கட்டிய பரிசுப் பெட்டியை வைத்தபோது அமெரிக்கப் பிள்ளைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் பரிமாறிய பிறகே உண்பது ஜப்பானிய வீடுகளின் வழக்கம். கிறிஸ்துமஸ் வரும்வரை மரத்தடியிலுள்ள பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பது அமெரிக்க வழக்கம்.

நம் வீடுகளில் விநாயகர் சதுர்த்தியன்று படையல் முடியும்வரை கொழுக்கட்டையைத் தொடாத பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழந்தையின் மனவலிமையை யாரும் மெச்சுவதில்லை. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள், பூசை முடிந்ததும் கொழுக்கட்டை வந்தே தீரும், அவ்வளவுதான். திரைக்கு மட்டும் நம்மிடம் அப்படியொரு வழக்கம் உருவாகவில்லை. 2016-இல் மலிவான இணையம் வந்த வேகத்தில் வழக்கம் உருவாக அவகாசமே கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். உணவு மேசையில் கைப்பேசியைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் தந்தையின் கையில் அந்நேரமும் அது இருக்கிறது.

சுருதிப்பெட்டி

வயலின் கற்றுக்கொடுக்கிறேன். இந்த விவாதத்தில் "பின்னால் வரும் பரிசு" என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிறகு கீதம், அதன் பிறகு வர்ணம் என்று போகும் முறையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், மேடையேறும் நாளுக்காக மாணவன் பல ஆண்டுகள் சலிப்பைத் தாங்குகிறான் என்று நினைக்கிறார்கள். அப்படித் தாங்குகிறவன் வர்ணத்துக்கு முன்பே நின்றுவிடுவான். தொடர்கிறவன் வேறொன்றைக் கண்டுகொண்டவன். ஒரே வரிசையை முதல் காலத்தில் மெதுவாக வாசித்து, இரண்டாம் காலத்தில் வேகம் கூட்டி வாசித்து, இன்னும் விரைவான மூன்றாம் காலத்தில் வில் தடுமாறாமல், தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து சேரும் அந்தக் கணத்தில் அவனுக்கு அன்றைய மகிழ்ச்சி கிடைத்துவிடுகிறது. மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் ஓவியர்களையும் மலையேறுபவர்களையும் சதுரங்கம் ஆடுபவர்களையும் கேட்டுக் கேட்டு இதைத்தான் ஆராய்ந்தார். செய்யும் வேலை நம் திறமையைச் சற்றே விஞ்சியதாகவும், சரியா தவறா என்பது உடனே தெரிவதாகவும் இருந்தால் மனம் அதில் கரைந்துவிடுகிறது, நேரம் போவது தெரிவதில்லை. ரீல்ஸ் பார்க்கும்போதும் நேரம் போவது தெரிவதில்லைதான். ஆனால் எழுந்திருக்கும்போது கை எதையும் கூடுதலாகக் கற்றிருப்பதில்லை.

ஆகவே எனக்குத் தள்ளிப்போடுவது என்பதைவிட, தாமதமாகச் சுவை தட்டும் இன்பம் என்பதே சரியாகப் படுகிறது. முதல் சில மாதங்கள் வயலினில் கேட்கத்தக்க ஒலியே வராது. அந்த மாதங்களைக் கடத்துவதற்கு மட்டும்தான் ஆசிரியரும், குறித்த நேரமும், வீட்டாரின் துணையும் வேண்டியிருக்கின்றன.

நடைமுறைச் செய்தி ஒன்று. இப்போது மாணவர்கள் பலரும் கைப்பேசிச் செயலியில் சுருதி வைத்துக்கொண்டு சாதகம் செய்கிறார்கள். சுருதி ஒலிக்கும் அதே கருவியில்தான் செய்திகளும் வந்து விழுகின்றன. என் மாணவர்களிடம் பழைய மின்னணுச் சுருதிப்பெட்டியையே வாங்கச் சொல்லிவிட்டேன். அதில் சுருதியைத் தவிர வேறொன்றும் வராது.

நிரலாளன்

தோழர் சொன்ன சுருதிப்பெட்டிக்குப் பொருளியலிலும் இணையான ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் ஓர் ஊரக வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு, தாங்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கு ஒன்றைத் தர முன்வந்தார்கள். கூடுதல் வட்டி கிடையாது. தன் பணத்தைத் தானே பூட்டிக்கொள்ள யார் வருவார் என்று தோன்றும். கேட்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர் வந்தார்கள். ஓராண்டில், அந்த வாய்ப்பு அளிக்கப்பட்ட குழுவின் சேமிப்பு மற்றவர்களுடையதைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்திருந்தது. 2006-இல் அந்த முடிவுகள் வெளியாயின.

அடுப்பங்கரைவாசி

தம்பி, இதற்குப் பிலிப்பைன்ஸ் வரை போக வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு என்று இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மாதாமாதம் ஒரு சிறு தொகை. தீபாவளிக்கு முன் இனிப்புப் பெட்டி, பட்டாசு, எண்ணெய், ஒரு பாத்திரம். வட்டி என்று பார்த்தால் நட்டக் கணக்குதான். ஆனால் அந்தப் பணத்தை வீட்டில் வைத்திருந்தால் ஐப்பசிவரை தங்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால்தான் தங்குகிறது. கைப்பேசியில் நேரக் கட்டுப்பாடு வைப்பது ஏன் பலிப்பதில்லை என்பதும் இதில் விளங்குகிறது: பூட்டுகிறவரும் நானே, சாவி வைத்திருப்பவரும் நானே. சீட்டில் ஒரு மாதம் தவறினால் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கேட்பாள்.

அதே சீட்டில் பணத்தோடு ஓடிப்போனவர்களும் உண்டு. ஒரு முறை அப்படி ஏமாந்த தெருவில் பிறகு பல ஆண்டுகள் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். அந்தப் பெண்களுக்குப் பொறுமையில்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனால் பிள்ளைகளைப் பற்றி அப்படித்தான் சொல்கிறோம்.

தேர்வாளி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2024-இல் குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இடங்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. நான் இன்பத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டாவது மிட்டாய் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே கிடைக்கும் என்றால் இது எந்தக் கணக்கில் சேரும்? பாடக்குறிப்புகள் டெலிகிராம் குழுக்களில் இருப்பதால் கைப்பேசியை ஒதுக்கவும் முடியவில்லை. நடப்பு நிகழ்வுக் காணொளி ஒன்றைப் பார்க்கத் திறந்தால் அதன் அருகிலேயே வேறு இருபது காணொளிகள் நிற்கின்றன. பொறுமையைப் பற்றி எனக்கு அறிவுரை வேண்டாம். இந்த நிலையில் மகிழ்ச்சி என்பது எங்கே இருக்கிறது என்று யாராவது நேராகச் சொல்லுங்கள்.

கரும்பலகை

தம்பி, உன் கேள்வி நியாயமானது. "முயன்றால் கிடைக்கும்" என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விண்ணப்பித்தவர்களில் எல்லோரும் முழு மூச்சாகப் படிப்பதில்லை என்பதால் உன் வாய்ப்பு அந்த எண்ணிக்கை காட்டுவதைவிடச் சற்று மேலானது. ஆனாலும் அது உறுதி இல்லை. உறுதியில்லாத ஒன்றுக்காக எல்லாவற்றையும் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் என் கருத்து. எத்தனை ஆண்டு, எந்த வயதுவரை என்று முதலிலேயே வீட்டாரோடு பேசி ஒரு எல்லை வைத்துக்கொள்.

கைப்பேசிக்கு வழி உண்டு. பாடத்திட்டத்தின் பெரும்பகுதி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களில் இருக்கிறது. அவற்றை அச்சுப் புத்தகமாகவே வாங்கிப் படி. குழுக்களில் வரும் குறிப்புகளில் தேவையானதை வாரம் ஒரு முறை அச்செடுத்துக்கொள்.

நிரலாளன்

அதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். கைப்பேசியை விட்டுவிட்டால் போதும், மகிழ்ச்சி தானே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2018-இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சிலருக்குப் பணம் கொடுத்து, ஹன்ட் ஆல்காட் முதலிய பொருளியலாளர்கள் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிஞ்சியது. அவர்கள் தனியாகத் தொலைக்காட்சி பார்த்தார்கள், குடும்பத்தோடும் நண்பர்களோடும் சற்று அதிக நேரம் இருந்தார்கள். மனநிறைவு கூடியது, ஆனால் சிறிதளவே. நாட்டு நடப்பு குறித்த அறிவு குறைந்தது. சோதனை முடிந்த பிறகும் பலர் முன்பைவிடக் குறைவாகவே ஃபேஸ்புக்குக்குத் திரும்பினார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

மிஞ்சிய நேரத்தில் தோப்புக்காரர் சொன்ன ஊடுபயிர் போல ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரத்தை வேறொரு திரை எடுத்துக்கொள்ளும்.

சுருதிப்பெட்டி

தேர்வாளிக்கு: நீங்கள் படிக்கும் பாடங்களில் தேர்வு இல்லாவிட்டாலும் படிப்பேன் என்று தோன்றுவது எது? வரலாறா, கணக்கா? அதை நாளின் முதல் மணி நேரத்தில் வையுங்கள். கசப்பானதை முதலில் முடி என்று பலரும் சொல்வார்கள். நான் மாணவர்களுக்குத் தலைகீழாகவே சொல்கிறேன். கை சூடேறிய பிறகு கடினமானதும் வசப்படும்.

அடுப்பங்கரைவாசி

அந்தத் தம்பியின் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன், அவர் இதைப் படிக்க மாட்டார் என்றாலும். பையன் படிக்கிறான் என்பதற்காக வீட்டில் யாரும் சிரிக்காமல் இருக்க வேண்டாம். என்னைப் பொறுத்தவரை, பத்தரை மணி அரை மணி நேரத்தை நான் விடப்போவதில்லை. கரும்பலகை டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு, அதற்கு முன்னால் எட்டு மணிக்கே சமையலறையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் கேட்கப்போகிறேன். கிடைத்தால், விட்டுப்போன தையல் வேலை ஒன்று இருக்கிறது. கிடைக்காவிட்டால் ரீல்ஸ்தான்.

தேர்வாளி

எல்லோருக்கும் நன்றி. பிடித்த பாடம் தமிழக வரலாறு, குறிப்பாகக் கல்வெட்டுகள். அதைக் காலையில் வைத்துப் பார்க்கிறேன். மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் படிக்கலாம் என்றிருக்கிறேன். தனியாகப் போனால் பாதி நாளில் கைப்பேசியோடு வெளியே வந்து உட்கார்ந்துவிடுவேன் என்பது எனக்கே தெரியும். சீட்டில் வாசலில் வந்து கேட்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல ஒருவர் வேண்டும். மதுரையில் யாராவது சேர்ந்து படிக்கிறீர்களா?

வைகைக்கரையான்

நான் தேர்வு எழுதவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அந்த நூலகத்துக்கு வருவதுண்டு. அந்த வாரம் படித்த பாடத்திலிருந்து பத்துக் கேள்விகளை நீங்களே கையால் எழுதிக்கொண்டு வாருங்கள், நான் கேட்கிறேன். வரும் சனிக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு நுழைவாயிலுக்கு அருகில் இருப்பேன். கல்வெட்டுகளில் இரண்டு கேள்வியாவது இருக்கட்டும். அவற்றுக்கு எனக்கும் விடை தெரியாது.